முட்டுக்கல்

காயலான் கடைக்காரர் கேஸ் கட்டரைப் பற்றவைத்துவிட்டார். இன்னும் ஒரு நிமிஷம் போயிருந்தால் அந்தப் புல்வெட்டும் டிராக்டர் இரண்டு துண்டாகியிருக்கும். அதற்குள் சவரிமுத்து ஓடிவந்து அதன் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். அறுபத்தொரு வயது மனுஷர், ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"எந்திரிங்க பெரியவரே, நெருப்பு தெறிக்கும்."

"மாட்டேன்."

"இதுல என்னதான் இருக்கு? என்ஜின் இறுகிப்போச்சு. டயர் நாலும் காலி. உள்ளே எலி குடும்பம் நடத்துது."

"இருந்துட்டுப் போகட்டும்."

"ஆளை அடிச்ச வண்டி வேற. இதைக் கொண்டுபோய் என்ன பண்ணப் போறீங்க?"

கடைக்காரர் அவர் முகத்தைப் பார்த்தார், கட்டரை அணைத்தார். அவருக்கு விஷயம் தெரியும். கோத்தகிரியில் அது தெரியாதவர் யார்?

விஷயம் இதுதான். மலைமேல் ஒரு விடுதிப் பள்ளிக்கூடம். அதில் சவரிமுத்து இருபத்தெட்டு வருஷம் மைதானக்காரர். மைதானம் என்றதும் தட்டையாக ஒன்றை நினைத்துக்கொள்ளாதீர்கள். மலையில் ஏது தட்டை? மேலே ஒரு மைதானம், கீழே ஒரு மைதானம், நடுவில் நல்ல சரிவு. உட்கார்ந்து ஓட்டுகிற அந்தக் குட்டி டிராக்டரின் வயிற்றுக்கு அடியில் கத்தி சுற்றும். போகிற வழியெல்லாம் புல்லைச் சீவிக்கொண்டே போகும். சீவிய புல்லை ராக்கம்மா சாக்கில் அள்ளுவார். பள்ளிக்கூடத்தில் கூட்டிப் பெருக்குகிறவர், வீட்டில் ஒரு பசுமாடு வைத்திருந்தார்.

மலையில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. சரிவில் நிறுத்தினால், இறங்கின கையோடு டயருக்கு அடியில் ஒரு கல்லை வைப்பார்கள். முட்டுக்கல் என்று பேர். அதான் பிரேக் இருக்கிறதே என்று கீழ்நாட்டுக்காரர் யாராவது கேட்டால் சிரிப்பார்கள். சவரிமுத்துவிடமும் ஒரு கல் இருந்தது. கறுப்பு, ஒரு பக்கம் ஆப்பு மாதிரி சரிந்திருக்கும். டிராக்டரின் கால்பலகையில்தான் அதன் குடித்தனம்.

அன்றைக்குப் பங்குனிக் காற்று. வண்டி சரிவில் நின்றது. கீழே ராக்கம்மா புல்லை அள்ளிக்கொண்டிருந்தார். சாக்கு நிற்காமல் பறந்தது.

"அண்ணே, அந்தக் கல்லைக் கொஞ்சம் குடுங்களேன். இந்தச் சாக்கு என்னைப் படுத்துது."

சவரிமுத்து இறங்கிப் போய்க் கொடுத்தார். இரண்டு நிமிஷம்தானே. பேட்டரி வேறு நாலு வாரமாகச் சரியில்லை, அணைத்தால் மறுபடி கிளம்பாது. அதனால் என்ஜினை அணைக்காமல் நியூட்ரலில் விட்டிருந்தார். அப்படியே குழாயடிக்குத் தண்ணீர் குடிக்கப் போனார்.

திரும்பிப் பார்த்தபோது வண்டி நிறுத்திய இடத்தில் இல்லை. கீழே, ராக்கம்மா குனிந்திருந்த இடத்தில் கிடந்தது.

பள்ளிக்கூடம் விசாரித்தது. பிரேக் கோளாறு என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டது. வண்டியைச் சமையல் கட்டுக்குப் பின்னால் மழையில் தள்ளிவைத்து, ஏழு மாதம் கழித்து எடைக்குப் போட்டது. சவரிமுத்துவுக்கு மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பியது. பார்த்தவர்கள் எல்லாம் சொன்னார்கள், மெஷின் செஞ்சதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க என்று. ராக்கம்மாவின் புருஷன் மூக்கையாவும் அதையே சொன்னார்.

சவரிமுத்துவுக்கு மட்டும் ஒன்று புரிபடவில்லை. அந்த வண்டியில் பிரேக்கை மிதித்துப் பக்கத்திலிருக்கிற கொக்கியை மாட்டிவிட்டால், காலை எடுத்தாலும் பிரேக் பிடித்தபடியே இருக்கும். அன்றைக்குக் கொக்கியை மாட்டினேனா, இல்லையா? எவ்வளவு யோசித்தாலும் அந்த இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. பிரேக் கெட்டுப்போயிருந்தால், மாட்டியும் வண்டி ஓடியிருக்கலாம். பிரேக் நன்றாக இருந்தால், மாட்டவில்லை. பதில் வண்டிக்குள்ளே இருந்தது. அதைத்தான் கடைக்காரர் அறுக்கப் பார்த்தார்.

கடைசியில் கடைக்காரரே ஒரு டெம்போவைப் பிடித்து, வண்டியை ஏற்றிவிட்டு, "மங்கை ஷெட்டுக்குப் போங்க. வேற யாரும் இதைத் தொடமாட்டாங்க" என்றார்.

மங்கையர்க்கரசிக்கு முப்பத்தொன்பது வயது. ஐ.டி.ஐ.யில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தவர். அங்கே என்ன சண்டையோ, வேலையை விட்டுவிட்டு, கீழே இறங்குகிற ரோட்டின் இரண்டாவது வளைவில் ஷெட் போட்டுக்கொண்டார். அவரிடம் ஒரு வினோதமான சட்டம் இருந்தது. யார் வண்டியையும் அவர் கழற்றமாட்டார். கொண்டுவந்தவரேதான் கழற்றவேண்டும். பேங்க் மேனேஜர் வந்தாலும் கையில் ஒரு ஸ்பேனரைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்று சொல்லுவார். 'மங்கை ஷெட்டுக்கு வண்டி போனா ஆளுக்கும் சேர்த்து அட்மிஷன்' என்று ஊரில் கேலி செய்வார்கள். கேலி செய்தவர்களும் வண்டி படுத்தால் அங்கேதான் போனார்கள், அது வேறு விஷயம்.

ஐப்பசி மாதம். மத்தியானம் மூன்று மணிக்கே மூடுபனி ரோட்டை மறைத்துவிட்டது. தூறல் வேறு. ஷெட்டின் முற்றமும் சரிவுதான். டெம்போவிலிருந்து டிராக்டரை இறக்கி, டயருக்கு ஒரு கல்லைக் கொடுத்து நிறுத்தினார்கள்.

"என்ன வேணும்ண்ணே?" என்றார் மங்கை.

சவரிமுத்து எல்லாவற்றையும் சொன்னார். கல்லைக் கொடுத்தது, தண்ணீர் குடிக்கப் போனது, கொக்கி, எதையும் விடவில்லை. பள்ளிக்கூடத்து விசாரணையில் கல்லைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. இப்போதுதான் முதல் தடவையாக ஒரு ஆளிடம் சொல்கிறார்.

மங்கை ஷெட்டுக்குள் கையைக் காட்டினார்.

"உள்ளே அடுப்புல தண்ணி கொதிக்குது. டீத்தூள் போட்டு எடுத்துட்டு வாங்க."

சவரிமுத்து போனார். இரண்டு டம்ளரோடு அவர் திரும்பியபோது டெம்போ போய்விட்டிருந்தது. மங்கை தூறலில் நனைந்தபடி டிராக்டர் பக்கத்தில் நின்றிருந்தார். கையில் கல். அவரைப் பார்த்ததும் குனிந்து அதை டயருக்கு அடியில் வைத்தார்.

"இஞ்சி போட்டீங்களா?"

"இல்லம்மா."

"நாளைக்குப் போடுங்க."

சவரிமுத்து சட்டைப் பையிலிருந்து ஒரு கவரை எடுத்தார். ஒட்டி, ஸ்டாம்பு வைத்து, விலாசம் எழுதியிருந்தது.

"ஒரு உதவி. பிரேக்கைப் பிரிச்சுப் பார்க்கிற அன்னைக்கு, அது நல்லா இருந்துச்சுன்னா இதைத் தபால்ல போட்டுடணும். திருப்பூர்ல என் மக லீமா இருக்கா. அவளுக்கு."

"நீங்களே போடலாமே?"

"அன்னைக்கு என்னால முடியாதும்மா."

மங்கை கவரைப் பார்த்தார், அவர் முகத்தைப் பார்த்தார், மறுபடி கவரைப் பார்த்தார். வாங்கி, பால்ரஸ் குண்டு போட்டுவைத்த டப்பாக்களுக்குப் பின்னால் வைத்தார்.

"பிரேக் நல்லா இருந்தா போடணும். அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான். அதனால முதல்ல பிரேக்கைப் பிரிச்சுடலாம்."

"பிரேக் கடைசி" என்றார் மங்கை.

"எனக்கு அது ஒண்ணுதான் வேணும்."

"ஓடாத வண்டிக்கு எதுக்கு பிரேக்? காலையில எட்டு மணிக்கு வந்துடுங்க. பழைய சட்டை போட்டுட்டு வாங்க."

எலிக் கூட்டில் ஆரம்பித்தார்கள். என்ஜின் மூடியைத் திறந்தால் உள்ளே பள்ளிக்கூடத்து நோட்டுக் காகிதமும் பஞ்சுமாக ஒரு மெத்தை. கண் திறக்காத குஞ்சுகள் நாலு.

"என்ன பண்ண?"

"நீங்கதானே பிரிக்கிறீங்க."

சவரிமுத்து மெத்தையோடு தூக்கி, தேயிலைச் செடிகளுக்கு அடியில் மழை படாத இடமாகப் பார்த்து வைத்துவிட்டு வந்தார். வந்து வெகுநேரம் கை கழுவினார்.

என்ஜின் அசைவதாக இல்லை. சம்மட்டியை எடுத்தார்.

"அடிச்சா உடையும்" என்றார் மங்கை. "பிளக்கைக் கழட்டிட்டு அந்த ஓட்டையில எண்ணெய் விடுங்க."

"அப்புறம்?"

"வீட்டுக்குப் போங்க."

"எத்தனை நாளைக்கு?"

"அது விடுற வரைக்கும்."

தினம் எட்டு மணிக்கு வந்தார். எண்ணெய் விட்டார். என்ஜினுக்கு மேலிருந்த சக்கரத்தைப் பிடித்துத் திருகிப் பார்த்தார். அசையவில்லை. டீயில் இஞ்சி தட்டிப் போட்டார். சாயங்காலம் போனார். வீட்டில் சாப்பிட்டாரா, தூங்கினாரா என்றெல்லாம் கேட்காதீர்கள். அந்த வீட்டில் விளக்கே எரிவதில்லை என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் பேசிக்கொண்டார்கள்.

பதினோராம் நாள் சக்கரம் கால் அங்குலம் அசைந்தது.

"அசையுது! மேஸ்திரியம்மா, அசையுது!"

சவரிமுத்து வாய்விட்டுச் சிரித்தார். ஏழு மாதம் கழித்து வந்த சிரிப்பு. பாதியிலேயே அது நின்றுபோய்விட்டது. ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"ராக்கம்மா மண்ணுக்குள்ள கிடக்கு. நான் பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கிறேன்."

"டீ ஆறுது" என்றார் மங்கை.

அவர் குடித்தார். அழுதுகொண்டேதான் குடித்தார். மங்கை அந்தப் பக்கம் பார்க்காமல் ஒரு போல்ட்டை மண்ணெண்ணெயில் அலசிக்கொண்டிருந்தார்.

கார்த்திகையில் கத்தியைக் கழற்றினார்கள். கத்திக்கு மேல் தகடு முழுக்கப் பழைய புல் காய்ந்து ஒட்டிக்கிடந்தது. பங்குனி மாதத்துப் புல். சவரிமுத்துவால் அதைச் சுரண்ட முடியவில்லை. கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார். ஒரு நாள் போனது, இரண்டு நாள் போனது. மூன்றாம் நாள் அவரே சுரண்டினார். சுரண்டியதைக் கீழே விடாமல் ஒரு காகிதத்தில் சேர்த்து மடித்து வைத்துக்கொண்டார்.

"பிரேக்கை எப்ப பிரிக்கலாம்?"

"கடைசில."

"கடைசி எப்பங்க வரும்?"

"பெல்ட் வரட்டும்."

பெல்ட் கோயமுத்தூரிலிருந்து வரவேண்டும். இரண்டு வாரம் ஆயிற்று. வந்த பெல்ட் நீளம் பற்றவில்லை. மறுபடி இரண்டு வாரம். அளவு எழுதி அனுப்பியது மங்கைதான். ஐ.டி.ஐ.யில் அளவெடுக்கச் சொல்லிக்கொடுத்த மனுஷி அது எப்படித் தப்பாக எழுதினார் என்று சவரிமுத்துவுக்குத் தோன்றத்தான் செய்தது. மரியாதைக்குக் கேட்கவில்லை.

மார்கழி மாதம் ஒருநாள் மூக்கையா அந்த வழியாக வந்தார். தலையில் புல்லுக்கட்டு. முன்பெல்லாம் ராக்கம்மா பள்ளிக்கூடத்திலிருந்து சாக்கில் கொண்டுவருகிற புல் மாட்டுக்குப் போதும். இப்போது மூக்கையா நாலு மைல் நடந்து ஓடைக்கரையில் அறுத்துக்கொண்டு வரவேண்டியிருக்கிறது. முட்டிவலி வேறு. கட்டை இறக்கிவைத்துவிட்டு மடியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தார்.

"சவரி, இந்தா பால். மாடு கொஞ்சம்தான் கறக்குது. இருந்தாலும் உனக்குன்னு எடுத்து வெச்சேன்."

சவரிமுத்து கையை நீட்டவில்லை.

"புடிப்பா. ஆளு பாதியாப் போயிட்டே. என்னத்துக்கு இந்தச் சனியன் புடிச்ச வண்டியைக் கட்டிக்கிட்டு அழுவுற? இரும்பு செஞ்சதுக்கு நீ என்ன பண்ணுவே? அவ இருந்தா அவளே உன்னைத் திட்டியிருப்பா."

"மாட்டுக் கொட்டாய் எப்படி இருக்கு?" என்று கேட்டார் சவரிமுத்து. வேறு எதையாவது பேசவேண்டுமே.

"காத்துக்குத் தகரம் பறக்குது. அன்னைக்கு அவ சாக்கோட ஒரு கல்லும் வந்துச்சு பாரு, கறுப்புக் கல்லு, அதைத்தான் மேல வெச்சிருக்கேன். எங்கேருந்து பொறுக்கினாளோ, நல்லா அழுத்தமா உக்காந்துக்குச்சு."

பாட்டிலைச் சவரிமுத்துவின் கையில் திணித்துவிட்டு, கட்டைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு அவர் பனிக்குள் போய்விட்டார். கொஞ்ச தூரத்துக்கு இருமல் மட்டும் கேட்டது.

சவரிமுத்து பாட்டிலை மங்கையிடம் நீட்டினார்.

"அது என் கல்லும்மா. அவருக்குத் தெரியாது. தெரிஞ்சா இந்தப் பாலை என் மூஞ்சியில ஊத்தியிருப்பாரு."

"ஊத்தினாலும் ஊத்துவாரு" என்றார் மங்கை.

"அவர் ஒவ்வொரு தடவையும் உன்மேல தப்பில்லைங்கிறாரே, அதுதான் தாங்கல. பிரேக் போயிருந்துச்சுன்னா, அந்த வார்த்தையை வாங்கிக்கிட்டு நானும் எப்படியோ காலத்தைத் தள்ளிடுவேன். நல்லா இருந்துச்சுன்னா..."

மங்கை பாலைக் காய்ச்சி இரண்டு டம்ளரில் டீ போட்டார். ஒன்றை அவர் முன்னால் வைத்தார். ஆடை படிந்து அது அப்படியே கிடந்தது. சாயங்காலம் மங்கையே அதைக் கொண்டுபோய் நாய்க்கு ஊற்றினார்.

தையில் என்ஜின் ஓடியது. நல்ல சத்தம். புது டயர், புது பேட்டரி. அணைத்தாலும் ஒரே திருகில் கிளம்பியது. அந்த பேட்டரி போன வருஷமே இருந்திருக்கக் கூடாதா என்று சவரிமுத்து அன்றைக்கெல்லாம் புலம்பினார். மங்கை கேட்டுக்கொண்டே இருந்தார். பெயிண்ட் அடிக்கவேண்டும் என்றார். அடித்தார்கள். காயட்டும் என்றார். காய்ந்தது. சீட்டுக்கு உறை தைக்கவேண்டும் என்றார்.

"மேஸ்திரியம்மா" என்றார் சவரிமுத்து. "போதும்மா."

மங்கை அவரைப் பார்த்தார். மூன்று மாதத்துக்கு முன்னால் வந்த ஆளா இது? கன்னம் கொஞ்சம் தெளிந்திருந்தது. நகத்துக்குள் கிரீஸ் ஏறிக் கறுத்திருந்தது. ஆனால் கண் மட்டும் அதே கண்தான்.

"சரி. பிரிங்க."

சவரிமுத்து ஸ்பேனரைக் கழுத்துத் துண்டில் துடைத்தார். சிலுவை போட்டுக்கொண்டார். மூடியைக் கழற்றினார், கம்பியை உருவினார், பிரேக் கட்டைகளை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். மேலே லேசாகத் துரு. நகத்தால் சுரண்டினால் வந்துவிட்டது. அடியில் கட்டை முழு கனத்துக்கு அப்படியே இருந்தது. கம்பி அறவில்லை. கொக்கியின் பல் ஒன்றுகூடத் தேயவில்லை.

அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மங்கையிடம் நீட்டினார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார் மங்கை.

"மழையில கிடந்ததே. அதனால ஏதாவது மாறி..."

"மழையில கிடந்தா கெடும்ண்ணே. கெட்டது நல்லதாகாது."

சவரிமுத்து தரையில் உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியே கேட்டார்.

"நான் மாட்டி, கொக்கி தானா நழுவியிருந்தா? அப்படி ஆகாதா?"

மங்கை பிரேக் கட்டைகளை அவர் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"மாட்டுங்க எல்லாத்தையும்" என்றார். "மாட்டிட்டு வண்டியை எடுத்துட்டு ரோட்டு முனை வரைக்கும் போயிட்டு வாங்க. வந்து இந்த முற்றத்துல நிறுத்திட்டு, உள்ளே போய் எனக்குக் கொஞ்சம் தண்ணி கொண்டாங்க."

பிரேக்கைத் திரும்ப மாட்ட ஒரு மணி நேரம் ஆயிற்று. சவரிமுத்து வண்டியைக் கிளப்பினார். ரோட்டு முனை வரை போனார். திரும்பி வந்தார். சரிவில் நிறுத்தி, நியூட்ரலில் தள்ளி, காலை எடுத்து இறங்கினார். குனிந்து கால்பலகையைத் துழாவினார். கல்லைத் தேடுகிற கை. அங்கே கல் இல்லை. ஆனால் தண்ணீர் கேட்டிருக்கிறாரே. நிமிர்ந்து ஷெட்டுக்குள் இரண்டு அடி வைத்தார்.

பின்னால் டயர் சரளையில் உருளுகிற சத்தம்.

அந்தச் சத்தத்தை அவர் முன்பு கேட்டதில்லை. அன்றைக்குக் குழாய்த் தண்ணீர்ச் சத்தத்தில் கேட்டிருக்காது. இருந்தாலும் என்ன சத்தம் என்று அவருக்கு உடனே தெரிந்தது. திரும்பினார். வண்டி ஒரு சாண் உருண்டு டக்கென்று நின்றுவிட்டது. மங்கை முன்கூட்டியே டயருக்குக் கீழே ஒரு கல்லை வைத்துவிட்டு அங்கேயே குந்தியிருந்தார்.

கொக்கி மாட்டாமல் தொங்கிக்கொண்டிருந்தது. என்ஜின் அதிர்வில் லேசாக ஆடியது.

சவரிமுத்து அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்படியே சரளையில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் மாட்டலை" என்றார்.

"ஆமாண்ணே."

"நான்தான்."

மங்கை எழுந்து என்ஜினை அணைத்தார். முற்றம் அமைதியாகிவிட்டது. பனி ஷெட்டின் வாசல் வரைக்கும் வந்திருந்தது.

"பிரேக் நல்லா இருக்குன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்றார் சவரிமுத்து.

"தெரியும்."

"எப்பேருந்து?"

"முதல் நாள். நீங்க டீ போடப் போனப்ப மிதிச்சுக் கொக்கியை மாட்டிட்டுக் கல்லை எடுத்தேன். வண்டி நின்னுச்சு."

"மூணு மாசம்!" என்றார் சவரிமுத்து. "மூணு மாசம் என்னைத் தினம் தினம் சாகடிச்சீங்களேம்மா. அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

மங்கை உள்ளே போனார். பால்ரஸ் டப்பாக்களுக்குப் பின்னாலிருந்து கவரை எடுத்துக்கொண்டு வந்தார். ஒரு மூலையில் எண்ணெய்க் கறை. ஒட்டின ஒட்டு பிரியவில்லை.

"பிரேக் நல்லா இருந்தா போடச் சொன்னீங்க" என்றார். "அதான் கடைசின்னேன்."

சவரிமுத்து கவரைப் பார்த்தார். அதில் தன் கையெழுத்தைப் பார்த்தார். லீமா என்று எழுதும்போது அன்றைக்குப் பேனா இரண்டு தடவை நின்றது ஞாபகம் வந்தது. தலையைக் குனிந்துகொண்டார்.

"இப்ப கடைசி வந்துடுச்சே" என்றார் மெதுவாக.

"வரலை. வண்டி இன்னும் முடியலை."

"இன்னும் என்ன பாக்கி?"

"கல்லு." மங்கை கவரைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "முட்டுக்கல் இல்லாத வண்டியை என் ஷெட்டிலிருந்து வெளியே விடமாட்டேன்."

சவரிமுத்து டயருக்கு அடியிலிருந்த கல்லைக் கையால் காட்டினார்.

"அது ஷெட்டுக் கல்லு. அதைத் தரமாட்டேன். உங்க கல்லு மூக்கையா வீட்டுத் தகரத்து மேல இருக்கு. போய்க் கேட்டு வாங்கிட்டு வாங்க. நான் இங்கேயேதான் இருப்பேன். வந்து, வண்டியை எடுத்துட்டுப் போய் அந்த மாட்டுக்குப் புல்லு வெட்டிப் போடுங்க."

சவரிமுத்து எழுந்திருக்க முயன்றார். முடியவில்லை. மங்கை கை கொடுத்துத் தூக்கிவிட்டார். இரண்டு கையிலும் ஒரே கிரீஸ். ரோட்டைப் பார்த்து நாலு எட்டு வைத்தவர் நின்று திரும்பினார்.

"அம்மா, அந்தக் கல்லு உனக்கு எதுக்குன்னு கேப்பாரே."

"கேப்பாரு" என்றார் மங்கை.